கரி தீர்ந்த பிறகு



நம் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் மதியமானால் கரியைத் தட்டிக் கொட்டிவிடுவார். பெட்டியில் நெருப்பே இருக்காது, தொட்டால் மட்டும் சுடும். மிச்சமிருக்கும் கைக்குட்டைகளை அந்தச் சூட்டிலேயே தேய்த்து மடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

ஆண்டவர் படைத்த வானத்திலும் நெருப்பணைந்த விண்மீன்கள் உண்டு. வெண் குறுமீன்கள் என்கிறார்கள். இரவில் மற்ற விண்மீன்கள் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று தெரிகிற சிரியஸுக்குத் துணையாக ஒன்று இருக்கிறது. 1862-இல்தான் அது தொலைநோக்கியில் கண்ணில் பட்டது. எடை ஏறத்தாழச் சூரியனுடையது, உருவமோ பூமியளவு. இத்தகைய விண்மீன்களின் உள்ளே பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும்தான். எரிக்க இனி ஒன்றுமில்லை. நெருக்குண்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பு அவற்றைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டென்று கண்டவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். மேலே மூடியிருக்கும் மெல்லிய ஹீலியம், ஹைட்ரஜன் படலம் உள்வெப்பத்தைச் சட்டென்று வெளியேற விடுவதில்லை.

"இனி என்னால யாருக்கு என்ன பிரயோசனம், சாமி?" என்று படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். கேட்கும்போதும் அவர் கட்டைவிரல் செபமாலையின் தேய்ந்த மணியொன்றை நகர்த்திக்கொண்டிருந்தது. பணி ஓய்வு பெற்றவர்களே, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்களே, உங்களுக்குள்ளும் இந்தக் கேள்வி இல்லையா? துயரத்தில் இறுகி, செபிக்கவும் மனம் வராமல் இருக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா?

கேளுங்கள். ஒரு வெண் குறுமீன் ஆற ஆற, நடுவிலிருக்கும் அணுக்கருக்கள் வரிசையாக அமர்ந்து படிகமாக உறைகின்றன. உறையும் அந்த வேளையில் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்படுகிறது. ஆறுவது இன்னும் மெதுவாகிறது. இதை 1960-களிலேயே கணித்துச் சொன்னார்கள். கையா விண்கலம் அளந்த சுமார் 15,000 வெண் குறுமீன்களில் இந்த உறைதலின் அடையாளம் தெரிவதாக 2019-இல் அறிவித்தார்கள். வாசித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இறுகிப்போகிற பொருளுக்குள்ளும் வெப்பத்தைப் பொதிந்துவைத்த இரக்கம் மிகுந்த தந்தை, இறுகிய உங்கள் மனதை வெறுத்து ஒதுக்குவாரா? அண்டம் தோன்றி 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு வெண் குறுமீன்கூட முற்றிலும் குளிர்ந்து இருண்டுபோக அந்தக் காலம் போதவில்லை என்கிறார்கள்.

வரும் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். இளையோர் இரண்டு பேர் என்னோடு வாருங்கள். அந்தப் பாட்டியிடம் உங்கள் தேர்வுக்காகச் செபிக்கச் சொல்லிக் கேளுங்கள்.