சட்டம் அனுமதித்தால் போதுமா?

“போதைப் பொருளைத் தடை செய்வதால்தான் கடத்தல் கும்பல்கள் கொழுக்கின்றன, சட்டமே அனுமதித்துவிட்டால் கொலைகள் நின்றுவிடும்” என்று சிலர் வாதிக்கின்றனர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது கள்ளச் சாராயக் கும்பல்கள் பெருகியது உண்மையே.

மெக்ஸிகோவைப் பாருங்கள். 2006 டிசம்பரில் அதிபர் கால்டெரோன் கும்பல்கள் மீது இராணுவத்தை ஏவினார். கொலைகள் குறையவில்லை, பெருகின. 2014 செப்டம்பரில் இகுவாலா நகரில் காவலர்களும் கும்பலும் கைகோத்து 43 மாணவர்களைக் காணாமற் செய்தனர்.

அனுமதியாவது தீர்வு தந்ததா? 2012ல் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்தனர். பின்னர் எல்லையில் பிடிபடும் கஞ்சா குறைந்தது. ஆனால் கும்பல்கள் கலையவில்லை. ஃபென்டனில் என்னும் கொடிய நஞ்சைக் கடத்தின.

போதைக்கு அடிமையானவனுக்குச் சிறையா, சிகிச்சையா என்பதை அரசுகள் ஆராயட்டும். உயிர்ச்சேதம் குறையுமானால் நல்லதே. ஆனால் சட்டம் தண்டிக்காததெல்லாம் ஹலாலாகிவிடுமா? மதுக்கடை திறந்திருப்பதால் மது ஹலாலாகிவிட்டதா? அறிவை மயக்குவது ஹராம். எந்தச் சட்டசபையும் அதை மாற்ற இயலாது.

“நான் யாரையும் கொல்லவில்லையே!” என்கிறான் வாங்குபவன். அவன் நீட்டிய பணமல்லவா எல்லைக்கு அப்பால் துப்பாக்கியாகிறது? இகுவாலாவில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் கண்ணீரில் அவனுக்குப் பங்கில்லையா? சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம். மறுமையில் மறையுமா?

பிள்ளைகளிடம் போலீஸைக் காட்டி மட்டும் பயமுறுத்தாதீர்கள். இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.