தூரமும் நேரமும் பயணியின் கடமையும்

பயணத்தை அளப்பது தூரமா, அதற்குச் செல்லும் நேரமா என்னும் வினா விமானக் கால அட்டவணையோடு முடிந்துவிடுவதில்லை. பயணிக்கெனத் தனிக் கடமைகளையும் சலுகைகளையும் வகுத்த சமயங்களுக்கும் அது உரியது. விமான நிலையம் இல்லாத தருமபுரி மாவட்டத்திலோ, தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையத்தை நோக்கிப் புறப்படும் சாலையிலேயே அவ்வினா தொடங்கிவிடுகிறது.

இஸ்லாமியச் சட்டவியலில் 'முஸாஃபிர்' எனப்படும் பயணி, நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட கடமைத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவார். நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கவும் அவருக்கு அனுமதி உண்டு. ஹனஃபி மரபின் முன்னோர் மூன்று நாள் பயணம் எனக் காலத்தால் வகுத்த எல்லையைப் பிற்காலத்தார் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர், எனத் தூரத்தால் குறித்தனர். ஆகவே சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள சேலத்துக்குச் செல்லும் தருமபுரிக்காரர் நெரிசலில் எத்தனை நேரம் அவதிப்பட்டாலும் முஸாஃபிர் ஆவதில்லை. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூருக்குச் சொகுசாகக் காரில் செல்பவர் ஆகிவிடுகிறார். சலுகையின் நோக்கமாகிய 'ஹிக்மத்' சிரமத்தைக் குறைப்பதே எனினும், அதன் சட்டக் காரணமாகிய 'இல்லத்' பயணம் மட்டுமே என்று சட்டவியலார் இம்முரணுக்கு விடை தருவர். சிரமத்தையே அளவுகோலாக்கினால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நீதிபதியாகிவிடுவர் என்பதால், இவ்விடையை வெறும் சொற்சாதுரியம் என்று தள்ளிவிட இயலாது.

தூரத்தையும் நேரத்தையும் இந்தியத் தத்துவமும் பிரித்தே பார்த்தது. கணாதரின் வைசேடிக தரிசனம் திக்கையும் (இடம்) காலத்தையும் தனித்தனித் திரவியங்களாக (அடிப்படைப் பொருள்களாக) கொண்டு, இடத்தால் வரும் சேய்மையை இடையிலுள்ள பொருட்சேர்க்கைகளின் மிகுதியாலும், காலத்தால் வரும் சேய்மையைச் சூரிய இயக்கங்களின் மிகுதியாலும் விளக்கியது. நடந்தே சென்ற காலத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே வளர்ந்ததால் நடைமுறையில் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவை பயணிக்குப் பெரிதாக எழவில்லை. விமானமே அதைக் கூர்மையாக எழுப்பியது.

2021 ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், வடதுருவத்தின் வழியாக ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, 11ஆம் தேதி விடியுமுன் பெங்களூரில் இறங்கியது. சூரியன் மறைந்தபின் ஏறி, குளிர்காலத்தில் கதிரவனே எழாத துருவத்தைக் கடந்து, உதயத்துக்கு முன் இறங்கியவர்களுக்கு 10ஆம் தேதியின் விடியல் வாய்க்கவே இல்லை. திக்கின் கணக்கில் மிக நீண்ட அப்பயணம், சூரிய உதயத்தைக் கொண்டு எண்ணும் நாட்கணக்கில் ஒரு நாள்கூட ஆகவில்லை.

நீத்தார் கடன் செய்பவர்க்கு இது நடைமுறைச் சிக்கலாகும். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலமாகிய திதி உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்கி முடிகிறது. சிராத்தத்துக்குரிய அபராஹ்ணமோ, பகலை ஐந்தாகப் பகுத்ததில் நான்காம் பகுதி என்பதால், ஊருக்கு ஊர் மாறுகிறது. பகலே காணாத அவ்விமானத்தில் அபராஹ்ணமும் இல்லை, கடன் செய்யும் பொழுதும் இல்லை. புலம்பெயர்ந்தோர் தாம் இருக்கும் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது இதனால்தான் பொருந்துகிறது. தந்தையின் திதி சான் பிரான்சிஸ்கோவில் 9ஆம் தேதி அபராஹ்ணத்தில் வந்திருந்தால், தருமபுரியில் அது 10ஆம் தேதிக்கு உரியதாயினும், அவ்விமானத்தில் ஊர் திரும்பும் மகன் விமானம் ஏறுமுன் அங்கேயே அக்கடனை முடித்திருக்க வேண்டும்.