எண்ணிக்கைக்குள் ஒரு பெயர்

தமிழ்நாட்டின் சில ஊர்களில் பழைய கட்டடச் சுவர்களில் சலவைக்கல் ஒன்று பதித்திருக்கும். 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகல்லோ, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்டவனின் பெயரை இன்றும் சொல்கிறது. விழுந்தவனைப் பெயர் சொல்லி நினைப்பதுதான் நம் வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா நம் குடும்பத்தில் இருந்தால், அவர் எங்கே, எப்படி முடிந்தார் என்று தேடுவது நமக்குக் கடமையாகிறது.

நூறு வருஷம் ஆனால் எல்லாம் மறந்துதானே போகும் என்று சிலர் சொல்லலாம். இங்கே மறதிக்குக் காலம் மட்டும் காரணமில்லை. முதல் உலகப் போருக்காக 1927-இல் பிரான்ஸின் நவ் ஷப்பேலில் திறந்த நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதே போரில் இன்றைய ஈராக் மண்ணில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவுச் சின்னத்திலோ அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களை 'மற்றும் இத்தனை பேர்' என்று எண்ணிவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். தெரிந்தே விடப்பட்ட பெயரை நாம் தேடாவிட்டால், அந்த அநீதி நம் வழியாகவும் தொடரும்.

ஆவணம் எங்கே மிஞ்சியிருக்கப் போகிறது என்பது அடுத்த தயக்கம். பஞ்சாபிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிரிப்பாரில்லாமல் கிடந்து, 2021-இல்தான் பொதுவெளிக்கு வரத் தொடங்கின. நம் பக்கத்து வீரர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் பலருக்கு, போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தகப்பன் பெயரும் ஊரும்கூட உண்டு. கல்லறை இல்லையென்றால் பதிவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தகனம் செய்யப்பட்ட வீரர்களுக்கென்றே சிங்கப்பூர் கிராஞ்சியில் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினருடையவை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே பட்டாளத்து எண்ணே நம்பகமான துணை. முதல் உலகப் போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கேயே பொறித்திருக்கும்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் தேட வேண்டும் என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்விதான். ஆனால் தேடுவது வேறு, புகழ்வது வேறு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை நியூ கினிக்குக் கப்பலேற்றினார்கள். பசியிலும் நோயிலும் அங்கே மடிந்தவர்கள் ஏராளம். நம் தாத்தா இவர்களில் யார் என்பதை ஆவணம்தான் சொல்லும். பெருமையோ வருத்தமோ, அதற்குப் பிறகு வரட்டும்.

சாட்சி சொல்லக்கூடியவர்கள் வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே இன்றைக்கே உங்கள் வீட்டு மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: போனவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், கடைசிக் கடிதம் வந்த வருஷம். பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்லில் விடுபட்ட பெயர் காகிதத்திலாவது நிற்கட்டும்.