விரல் சுழியில் ஒரு குலக்கல்வி

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கட்டைவிரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்பதில்லை. இருபது வருடமாகச் சோப்புத் தூளிலும் பாத்திரக் கரியிலும் தேய்ந்த விரல். ஒவ்வொரு மாதமும் துணியில் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் விரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார். மகள் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள்.

போன டிசம்பரில் அந்த மகளின் பத்து விரல்களையும் இன்னொரு இயந்திரம் பதிவு செய்தது. பள்ளியில் 'கேரியர் கைடன்ஸ்' கூட்டம் போட்ட ஒரு நிறுவனம், ரேகையைப் பார்த்துப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்லிவிடுவோம் என்றது. கட்டணம் அந்த அம்மாவின் அரை மாதச் சம்பளம். கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் வழவழப்பான தாளில் நாற்பது பக்க அறிக்கை வந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், பாப்பாவுக்குக் கணக்கு வராதுன்னு போட்டிருக்காம். பியூசில சயின்ஸ் வேணாமாம். நிஜமா சார்?"

மகள் கதவோரம் நின்றிருந்தாள். அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கு மதிப்பெண் 80க்கு 66. அந்த 66ஐ அவள் அம்மா மறந்துவிட்டிருந்தார். அச்சடித்த தாளுக்கு முன்னால் மகளின் உழைப்பு அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அறிக்கையின் முதல் பக்க வாதம் இது: விரல்ரேகை தாய் வயிற்றிலேயே நாலைந்து மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது, மூளையும் அப்போதுதான் வளர்கிறது, ஆகவே ரேகையைப் படித்தால் மூளையைப் படிக்கலாம். ஒரே மழையில் நெல்லும் முளைக்கிறது, கோரையும் முளைக்கிறது. கோரையின் தாளை எண்ணி நெல்லின் விளைச்சலைச் சொல்கிறவரை எந்த விவசாயியும் வரப்பில் நிற்க விடமாட்டார். ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்று, ரேகை வேறு வேறு. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டை அறிக்கை பக்கத்துக்குப் பக்கம் இழுக்கிறது. அந்தக் கோட்பாட்டில் விரல்ரேகைக்கு இடமே கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019இல் இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் வியாபாரம் நடக்கிறது.

இதில் மிகப் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். பிரான்சிஸ் கால்டன். மனிதரின் தரம் பிறப்பிலேயே அமைகிறது என்று நம்பியவர். 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உண்டாக்கியவரே அவர்தான். ரேகையில் அறிவும் குணமும் இனமும் தெரியும் என்று அவர் ஆசையோடு தேடினார். மாணவர், பண்ணைக் கூலியாட்கள், மனவளர்ச்சி குன்றியோர் என்று பலரின் ரேகைகளை எடுத்து ஒப்பிட்டார். வேறுபாடு ஒன்றும் அகப்படவில்லை. தம் ஏமாற்றத்தை 1892இல் வெளியிட்ட விரல்ரேகை நூலில் ஒளிக்காமல் எழுதினார். அந்த விடை வேண்டுமென்று துடித்த மனிதரே கைவிட்ட ஒன்றை, நூற்றிமுப்பது ஆண்டு கழித்து, ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

அறிவியலை விடுங்கள். சாதாரணப் புத்தியில் ஒரு கேள்வி கேட்கலாம். இப்படிப்பட்ட அறிக்கைகள் நான்கைந்து என் கைக்கு வந்திருக்கின்றன. டாக்டர், வக்கீல், டிசைனர், நிர்வாகி, ஐ.ஏ.எஸ். அதிகாரி எல்லாம் இருக்கிறது. 'இந்தப் பிள்ளை சாக்கடை அள்ளப் பொருத்தமானது' என்று ஒன்றில்கூட இல்லை. பெங்களூரின் தெருக்களை விடியுமுன் பெருக்குகிற பௌரகார்மிகர்களுக்கும் விரல் உண்டு, சுழி உண்டு, வளையம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தொழில் விரலில் எழுதியிருப்பது உண்மையானால், அத்தனை தலித் பெண்களின் விரலிலும் துடைப்பம் மட்டும் எப்படி எழுதப்பட்டது? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைதான் உண்டு. ஒன்று, ரேகை தொழிலைச் சொல்வதில்லை. மற்றது, மனு சொன்னது சரி. அறிக்கை வாங்குகிற ஒவ்வொரு பெற்றோரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

ஜாதகத்தை நம்புகிற வீடுகளில் இந்த இயந்திரம் எளிதாக நுழைந்துவிடுகிறது. ஜாதகத்தையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2008இல் புனேயில் வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும், பின்னாளில் சுட்டுக்கொல்லப்பட்ட நரேந்திர தபோல்கரும் இன்னும் சிலரும் சேர்ந்து இருநூறு ஜாதகங்களைத் திரட்டினார்கள். நூறு, படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுடையவை. நூறு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பது ஜாதகம். எது எந்த வகை என்று சொன்னால் போதும். விடை அனுப்பியவர்கள் 27 பேர். சராசரியாக அவர்கள் சொன்னதில் 46 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். முடிவை வெளியிட்டது 'கரண்ட் சயின்ஸ்', நம் பெங்களூரிலிருந்தே வரும் இதழ். ஒரு பிள்ளை படிக்குமா படிக்காதா என்ற ஒரே கேள்வியில் தோற்ற ஜாதகத்தை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் காமர்ஸா சயின்ஸா என்று முடிவு செய்கிறார்கள்.

நான் இதை வெறும் ஏமாற்று வேலை என்று எண்ணியிருந்தால் போலீஸ் புகாரோடு விட்டிருப்பேன். என்னை உறுத்துவது, இதன் பின்னால் நிற்கும் பழைய எண்ணம். 1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைப் பழகட்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழ்நாடே எதிர்த்தது. பெரியார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அன்று எதிர்க்க ஓர் அரசாங்கம் கண்ணெதிரே இருந்தது. இன்று அதே தீர்ப்பு, 'உன் எல்லை பிறப்பிலேயே வரையப்பட்டது' என்ற அந்தத் தீர்ப்பு, குளிர்சாதன அறையிலிருந்து வருகிறது. எதிர்க்க வேண்டிய தாயே பணம் கட்டி வாங்கிக்கொள்கிறாள்.

இந்த ஊரிலேயே விடை இருந்தது. கௌரிபிதனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்த தாய்க்குப் பிறந்த பையன், தன் ஆசிரியர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார் என்று கேட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்தே வந்து பசவனகுடி நேஷனல் பள்ளியில் சேர்ந்தான். எச். நரசிம்மையா. இயற்பியல் படித்தார், அமெரிக்கா போய் ஆய்வுப் பட்டம் பெற்றார், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் விசாரிக்க 1976இல் குழு அமைத்து, சத்ய சாய்பாபாவிடமே சோதனைக்கு வரக் கேட்டவர் அவர். அவர் நடந்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு: உன்னால் முடியும், வா என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார். யாரும் அவர் விரலைப் பார்க்கவில்லை.

ஒழுங்கான திறனறி சோதனைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவற்றுக்கு ஆய்வு அடிப்படை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்குரூ டிரைவரை ஒருமுறைகூடக் கையில் கொடுக்காத வீட்டுப் பெண்ணுக்கு இயந்திர ஆர்வம் குறைவு என்று ஒரு சோதனை காட்டினால், அது அளந்தது அந்த வீட்டை. பெங்களூரில் பிராமிஸ் ஃபவுண்டேஷன் மூலம் பல ஆண்டுகளாகத் தொழில் வழிகாட்டல் துறையில் உழைக்கும் கிதியோன் அருள்மணி, தொழிலைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் ஊறிப்போன நம்பிக்கைகளைத்தான் முக்கியமாகப் பேசுகிறார். நம்மாலெல்லாம் ஆகாது, அது நம்மாளுக்கு இல்லை என்ற நம்பிக்கைகள். அவற்றைத் தொடாமல் பிள்ளையை மட்டும் அளப்பதில் என்ன வழிகாட்டல் இருக்கிறது? இந்தத் துறையைத் தொடங்கிவைத்த பிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக அலுவலகம் திறந்தபோது மூன்று கேட்டார்: உன்னை அறி, வேலையின் நிலைமைகளை அறி, இரண்டையும் சேர்த்து நேர்மையாக யோசி. முதலாவதை மட்டும் எடுத்து, அதையும் பொய்யாக்கி விற்கிறார்கள். கட்டணம், பஸ், உதவித்தொகை, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பதெல்லாம் இரண்டாவதில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்குத் தெரியாதது அதுதான். அதில் ஒரு வரியும் அந்த நாற்பது பக்கத்தில் இல்லை.

அன்று சாயங்காலம் மூவரும் உட்கார்ந்தோம். சயின்ஸ் எடுத்தால் பியூசி, அதாவது மேல்நிலைப் படிப்பு, இரண்டு வருடம், பிறகு சி.இ.டி. நுழைவுத் தேர்வு. வேறு வழியும் உண்டு: பத்தாவது முடித்ததும் மூன்று வருட டிப்ளமோ, கே.ஆர். சர்க்கிள் பக்கம் ஸ்ரீ ஜயசாமராஜேந்திரா அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பி.எம்.டி.சி. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து கட்டணம் கிடையாது. உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், எங்கே வாங்கவேண்டும் என்று சொன்னேன். அம்மாவுக்குப் பாதி நம்பிக்கை, பாதி பயம். அறிக்கையைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை, காசு கொடுத்ததாயிற்றே.

மகள் அதை வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறும் தாள். பேனா கேட்டாள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"டிப்ளமோ முடிச்சா மறுபடி ஃபர்ஸ்ட் இயர்லயிருந்தா சார் இன்ஜினியரிங் சேரணும்?"

வேண்டாம் என்றேன். அதற்கென்று டி.சி.இ.டி. என்று தனித் தேர்வு இருக்கிறது, எழுதினால் நேரே இரண்டாம் வருடம். அதையும் எழுதிக்கொண்டாள். அடியில் கோடு போட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.