வென்றவர் யார்? – உதைபந்தாட்ட ஆதரவாளரின் உவகை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

இங்கிலாந்தின் எவ். ஏ. கிண்ணத்துக்கான நான்காம் சுற்றில், 2024 ஜனவரி 27ஆம் திகதி இப்ஸ்விச் நகரில் நடைபெற்ற ஆட்டமொன்று, உதைபந்தாட்டத்தில் நாட்டமில்லாதவரையும் சிந்திக்கத் தூண்டவல்லது. ஆறாம் படிநிலையில் ஆடிவந்த மெயிட்ஸ்ரன் யுனைற்றெட் கழகம், இரண்டாம் படிநிலையின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றாக விளங்கிய இப்ஸ்விச் ரவுணை, அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்ற கணக்கில் வென்றது. இடைவேளைக்குச் சற்று முன்னர் லமார் ரெனோல்ட்ஸ் முதற் கோலைப் புகுத்தினார்; இடைவேளையின் பின் இப்ஸ்விச் சமப்படுத்தியது; பின்னர் சாம் கோர்ண் இரண்டாவது கோலைப் பெற்றார். இப்ஸ்விச் வீரர் கோலை நோக்கி 38 தடவை பந்தை உதைத்தனர். மெயிட்ஸ்ரன் வீரர் உதைத்தது இரண்டே தடவை, அவ்விரண்டும் கோலாயின. ஆட்டம் முடிந்ததும், மெயிட்ஸ்ரனிலிருந்து பயணஞ்செய்து வந்திருந்த 4,000க்கும் மேற்பட்ட ஆதரவாளர் ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்தின் பொருளை இரு சொற்களில் அடக்கலாம்: 'நாம் வென்றோம்'.

ஆதரவாளர் எவரும் அன்று பந்தைத் தொட்டவரல்லர். ஆயினும் எந்த ஆதரவாளரும் 'அவர்கள் வென்றார்கள்' என்று கூறுவதில்லை. அவ்விரு சொற்களுள்ளும் இரண்டு உரிமைக்கூற்றுக்கள் அடங்கியுள்ளன. ஒன்று, வெற்றி தகுதியாற் பெறப்பட்டது என்பது. மற்றையது, அவ்வெற்றியில் பார்த்து நின்றவருக்கும் பங்குண்டு என்பது. இவ்விரு கூற்றுக்களும் எவ்வளவிற்கு நியாயமானவை என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா. விளையாட்டைப் பற்றியது போலத் தோன்றினும், இவ்வினா விளையாட்டோடு முடிந்துவிடுவதன்று.

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் 1888இல் தோன்றியது. இன்று பிரிமியர் லீக்கின் 20 கழகங்களும் அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளின் 72 கழகங்களுமாக 92 கழகங்கள் உயர்மட்டத்தில் உள்ளன. இவற்றுக்கு வெளியே படிப்படியாக இறங்கிச் செல்லும் பல நூறு கழகங்களின் ஆட்டமே 'லீக்கிற்கு வெளியிலான உதைபந்தாட்டம்' என வழங்கப்படுவது. அங்கு வீரர் பலர் பகலில் வேறு தொழில் புரிபவர். நுழைவாயிலிற் சீட்டுக் கொடுப்பவரும், தேநீர் விற்பவரும், ஆடுகளத்தைப் பேணுபவரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆதரவாளரே. சிறிய மைதானங்கள் பலவற்றில் இரு தரப்பு ஆதரவாளரையும் பிரித்து வைக்கும் வேலிகள் இல்லை. தம் அணி தாக்கும் பக்கத்துக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் நிற்கும் இவர்கள், இடைவேளையில் மறுபக்கத்திற்கு இடம் மாறுவர். எதிரெதிரே வரும் இரு சாராரும் ஒருவரையொருவர் கடந்து செல்வர்.

எதிரணியின் மைதானத்தில் ஒரே கோல் வித்தியாசத்திற் பெறப்படும் வெற்றியை இவ்வாதரவாளர் மூவகையாக வரவேற்கக் காணலாம். 'எமது அணியே சிறந்தது. வெற்றி எமக்கு உரியதே' என்பார் ஒரு சாரார். 'அதிர்ஷ்டந்தான், ஆயினும் புள்ளிகள் புள்ளிகளே' என்பார் மற்றொரு சாரார். மூன்றாஞ் சாராரோ தம் வெற்றியைப் பேசுவதிலும் தோற்றவரை எள்ளுவதிலேயே மிகுந்த இன்பங் காண்பர். அறவியல் நோக்கில் இம்மூன்றும் ஒரு தன்மையன அல்ல.

முதலில் தகுதி பற்றிய வினாவை நோக்கலாம். தகுதி வேறு, உரிமை வேறு என்பதை அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய தமது நூலில் விளக்குமிடத்து, விளையாட்டையே உதாரணமாக எடுத்தாள்கின்றார். தோற்ற அணியே வெல்லத் தக்கது என்று ஆட்டத்தின் பின் கூறுபவர், வென்ற அணிக்குக் கிண்ணத்தில் உரிமையில்லை என்று கருதுவதில்லை. அவ்வாட்டம் வெளிக்கொணர முயலும் திறன்கள் தோற்ற அணியிடமே மிகுதியாகக் காணப்பட்டன என்பதே அக்கூற்றின் பொருள். இவ்வேறுபாட்டை ஏற்பின், இப்ஸ்விச் ஆட்டம் பற்றிய குழப்பம் பெருமளவு நீங்கும். மெயிட்ஸ்ரனின் உரிமை ஐயத்திற்கு இடமற்றது. விதிகள் கோல்களை எண்ணுகின்றன, முயற்சிகளை எண்ணுவதில்லை. 38 முயற்சிகள் ஒரு கோலுக்குமேற் பயன் தராமற் போனமை எவருக்கும் இழைக்கப்பட்ட அநீதியன்று.

தகுதி பற்றிய வினா இதனால் முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. முப்பதுக்கு மேற்பட்ட முயற்சிகளை முறியடிப்பதும் ஒரு திறனே. கோல்காப்பாளர் பந்தைத் தடுத்தமையும், பின்கள வீரர் தம் உடலையே அரணாக்கி நின்றமையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதப்படத் தக்கன அல்ல. எனினும் அத்திறனுக்கு அப்பாலும் ஏதோவொன்று எஞ்சி நின்றது. அதே வீரர் அதே உறுதியுடன் அதே முறையில் ஆடியிருக்க, ஒரு பந்து ஓரங்குலம் விலகி உட்சென்றிருந்தால் முடிவு மாறியிருக்கும். முடிவோடு மதிப்பீடும் மாறியிருக்கும். தீரம் எனப் போற்றப்பட்ட தற்காப்பு, துணிவின்மை எனத் தூற்றப்பட்டிருக்கும். மனிதரின் செயல்களை, அவர்தம் ஆற்றலுக்கு உட்படாத விளைவுகளைக் கொண்டு மதிப்பிடும் இவ்வழக்கத்தையே பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகியோர் 1976இல் 'அறவியல் அதிர்ஷ்டம்' என்ற தலைப்பில் ஆராய்ந்தனர். ஒரே கோலால் முடிவாகும் ஆட்டம் அவ்வாராய்ச்சிக்கு எளியதோர் எடுத்துக்காட்டாகும். ஆகவே 'அதிர்ஷ்டந்தான்' என்று ஒப்புக்கொள்ளும் இரண்டாஞ் சாரார் தம் அணியைத் தாழ்த்துவதாகக் கொள்ளல் பொருந்தாது. தமக்குக் கிடைத்ததில் எப்பகுதி உழைப்பின் பயன், எப்பகுதி கொடை என்பதைப் பிரித்தறிந்தவர் அவர்களே.

இனி, 'நாம்' என்னும் சொல்லை நோக்கலாம். பெருமிதம் கொள்பவனுக்கும் அப்பெருமிதத்திற்குக் காரணமான பொருளுக்கும் இடையே தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது டேவிட் ஹியூமின் கருத்து. ஆதரவாளருக்கும் கோலுக்கும் உள்ள தொடர்பு யாது? ஆரவாரம் வீரருக்கு ஊக்கமளிக்கும் என்பது உண்மையே. ஆயினும், ஊக்கமளித்தவனுக்கு வெற்றியிற் பங்குண்டெனின், தோல்வியிற் சோர்வளித்த குற்றமும் அவனுக்கு உண்டாதல் வேண்டும். வெற்றியில் 'நாம்' என்றும் தோல்வியில் 'அவர்கள்' என்றும் கூறுபவனின் தொடர்பு வெறும் நாத்தொடர்பு.

மெயிட்ஸ்ரன் கழகத்தின் வரலாறு இவ்விடத்துப் பொருளுடையதாகின்றது. 1989இல் லீக்கினுள் நுழைந்த அக்கழகம், கடன்சுமை தாங்காது 1992இல் அதனின்றும் விலகியது. நகரிலிருந்த அதன் மைதானம் அதற்கு முன்னரே கைவிட்டுப் போயிருந்தது. கழகம் கென்ற் மாவட்ட லீக்கின் அடிமட்டப் பிரிவிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டியதாயிற்று. 2012இலேயே சொந்த நகரில் மீண்டும் ஒரு மைதானம் அமைந்தது. அதுவரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அயலூர் மைதானங்களிலும் பிறர் களங்களிலும் அக்கழகத்தைப் பின்தொடர்ந்து சென்றவரை வெறும் பார்வையாளர் எனல் பொருந்துமா? விம்பிள்டன் கழகத்தை வேற்று நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி வழங்கப்பட்டபோது, அதன் ஆதரவாளரே ஏ. எவ். சி. விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தைத் தோற்றுவித்தனர். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அது லீக்கினுள் நுழைந்தது. வீரர் வருவர், போவர். பயிற்றுநரும் உரிமையாளரும் மாறுவர். மாறாது எஞ்சுபவர் ஆதரவாளரே. கழகம் என்பது யார் என்று வினவின், அவர்களை நீக்கி விடையிறுத்தல் இயலாது. எனவே 'நாம்' என்னும் சொல்லுக்கு அவர்கள் உரியவர்களே. ஆனால் அவ்வுரிமை வெற்றியினாற் பெற்றதன்று. இழப்பைப் பங்கிட்டதனாற் பெற்றது.

எனினும், உறுப்பினராதல் ஒன்று, செயல் புரிந்தவராதல் பிறிதொன்று. கழகம் தமதென்பது உண்மையாயினும் கோல் தமதாகிவிடாது. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் துணைபுரியும். அங்கு பெருமிதம் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின்வழிப் பிறப்பதாகக் கூறப்படுகின்றது. நான்கும் ஒருவன் தானே தேடியும் செய்தும் பெறுவன. விளையாட்டோ அப்பட்டியலில் இல்லை. செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு சேர்த்து உவகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகவே அது வைக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியர் இக்கால ஆதரவாளரைக் கருத்திற் கொண்டிருக்க முடியாது. ஆயினும் அவரது பாகுபாடு இங்கு நன்கு பொருந்துகின்றது. களத்தில் நின்று பந்தைத் தடுத்த வீரனுக்குப் பெருமிதம் உரியது. அவன் காட்டியது தறுகண்மை. பார்த்து நின்றவருக்கு உரியது உவகை. பெருமிதம் 'இதனை நான் ஆக்கினேன்' என்று கூறும். உவகை 'இது எனக்கு வாய்த்தது' என்று கூறும். முன்னதற்குத் தகுதி வேண்டும். பின்னதற்கு நன்றியுணர்வே போதும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நடுவுநிலைமை அறமெனின், சிறந்த அணி தோற்கத் தன் அணி வெல்லவேண்டுமென விழைவதே அறத்திற்கு மாறாகாதா? 1759இல் வெளிவந்த தமது அறவுணர்வுகள் பற்றிய நூலில் ஆதம் சிமித், ஒருவன் தன்னடத்தையைப் பக்கஞ்சாராத பார்வையாளன் ஒருவனது கண்கொண்டு நோக்கவேண்டுமென வற்புறுத்தினார். ஆதரவாளனோ பக்கஞ்சார்ந்த பார்வையாளன். ஆயினும் விளையாட்டில் நடுவுநிலைமைக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது; அவ்விடத்தில் மத்தியஸ்தர் நிற்கின்றார். அவர் நடுநிற்பதனாலேயே மற்றையோர் பக்கஞ்சார்தல் தீங்கற்றதாகின்றது. அச்சார்பு எங்கு குற்றமாகின்றது எனின், கண்ட உண்மையை மறுக்குமிடத்தே. தனக்குச் சாதகமான தவறான தீர்ப்பைச் சரியென வாதிப்பவனும், 38 முயற்சிகளைக் கண்டபின்னும் 'எமது அணியே மேலானது' என்று சாதிப்பவனும் அன்பினால் அறிவை இழந்தவர்கள். தன் அணி வெல்ல விரும்புதல் அன்பின்பாற்படும். வெற்றி எவ்வாறு வந்ததென்பதை மறைத்தல் பொய்யின்பாற்படும்.

மூன்றாஞ் சாராரின் எள்ளல் இதனினும் இழிந்தது. பிறர் துன்பத்தில் மகிழ்தலை, அளவினால் அன்றி இயல்பினாலேயே தீயனவாகிய உணர்ச்சிகளுள் ஒன்றாக அரிஸ்டோட்டில் எண்ணினார். தொல்காப்பியரும் உவகையைத் துன்பத்தின் நீங்கியதெனச் சிறப்பித்தே கூறுகின்றார். அத்துன்பத்துள் பிறர் துன்பத்தையும் அடக்கிப் பொருள்கொள்ளின், தோற்றவன் வருத்தத்திற் பிறக்கும் களிப்பு உவகையெனப்படும் தகுதியை இழக்கும். வேலியற்ற சிறு மைதானங்களில் இவ்வுண்மை எளிதிற் புலப்படும். அங்கு தோற்றவன் தொலைவிலுள்ள ஒரு நிறமாகவோ கொடியாகவோ தோன்றுவதில்லை. தேநீர்க் கடையில் முன்னாலோ பின்னாலோ வரிசையில் நிற்கும் மனிதனாகவே தோன்றுகின்றான். அடுத்த கிழமை அவ்விடத்தில் தான் நிற்க நேரலாம் என்பதை வென்றவனும் அறிவான்.

இவ்வினா விளையாட்டோடு முடிவதன்று எனத் தொடக்கத்திற் கூறப்பட்டது. இனம், மொழி, நாடு என்பன பற்றியும் மனிதர் 'நாம் வென்றோம்', 'நாம் கட்டினோம்', 'நாம் ஆண்டோம்' என்றே பேசுகின்றனர். தாம் புரியாத செயல்களின் பெருமிதத்தை முழுமையாக ஏற்கும் அவர்களுட் பலர், அதே 'நாம்' இழைத்த தீங்கு எடுத்துக்காட்டப்படும்போது 'அவர்கள்' என்று ஒதுங்கிவிடுகின்றனர். உதைபந்தாட்ட ஆதரவாளரிடமிருந்து இத்தகையோர் கற்கத்தக்கது ஒன்றுண்டு: 'நாம்' என்பதன் விலை இழப்பிலும் பழியிலும் செலுத்தப்படவேண்டும், செலுத்திய பின்னரும் அதனால் வாங்கக் கிடைப்பது உவகையே, பெருமிதமன்று.

இப்ஸ்விச் வெற்றிக்கு ஒரு மாதத்தின் பின், 2024 பெப்ரவரி 26ஆம் திகதி, ஐந்தாஞ் சுற்றில் மெயிட்ஸ்ரன் கழகம் கொவென்றி சிற்றியிடம் 5–0 என்ற கணக்கிற் தோற்றது. அன்றும் அதன் ஆதரவாளர் பெருந்தொகையினராய்ப் பயணஞ்செய்து சென்றிருந்தனர். அத்தோல்வியில் அதிர்ஷ்டத்தைக் குறைகூற இடமிருக்கவில்லை, வலியது வென்றது. 'நாம் தோற்றோம்' என்று அன்றிரவு கூறிக்கொண்டு வீடு திரும்பியவர் எவரோ, அவருக்கே ஜனவரி 27ஆம் திகதி 'நாம் வென்றோம்' என்று கூறும் உரிமையும் உண்டு.