நித்தியகல்யாணிக்கு இன்னொரு பெயர்

தோட்டம் என்று எங்களுக்கு இருப்பது வாசற்படியின் இரண்டு பக்கமும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலையும்தான். பெங்களூரு ஆஸ்டின் டவுன் சந்துகளில் இதுவே வசதி. மொத்தம் பதினோரு தொட்டி. அவற்றில் இரண்டு பழைய பெயிண்ட் டப்பா. இடம் குறையக் குறைய ஆசை பெருகுகிறது. நட்டது எதுவும் சும்மா நிற்கக் கூடாது, வருஷம் முழுக்கப் பூக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

*

நர்சரியில் எந்தச் செடியைக் காட்டினாலும் ஒரே பதில்: "பன்னெண்டு மாசமும் பூக்கும் சார்." கொண்டுவந்து வைத்த மூன்றாம் வாரம் இலை மட்டும் மிஞ்சும். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்தவரை பூத்தது.

*

குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் பல்லாண்டுச் செடி என்றால் வேறு அர்த்தம். பனிக்காலத்தில் மண்ணுக்கு மேலே மடிந்து, வேரில் உயிரை வைத்துக்கொண்டு, வசந்தத்தில் திரும்ப எழுவது. அங்கே இரண்டு மாதம் பூத்தாலே நெடும்பூப்பு. பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஜனவரி விடியலில் ஸ்வெட்டரைத் தேடுவோம், ஆனால் வாளித் தண்ணீர் உறைந்ததில்லை. இங்கே செடியை நிறுத்துவது பெரும்பாலும் குளிர் அல்ல, காய். விதை முற்றத் தொடங்கினால் சத்தெல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. வாடிய பூவைக் காய் பிடிக்கும் முன்னே கிள்ளிவிட்டால், வேலை முடியவில்லை என்று செடி மறுபடி அரும்பு கட்டுகிறது. தினமும் காலையில் நான் செய்வது இந்தச் சின்ன ஏமாற்றுதான்.

டெல்லி கனகாம்பரத்துக்கு அந்த ஏமாற்று வேலைகூடத் தேவையில்லை. அதன் குரோமோசோம்கள் மூன்று தொகுதி, விதை கட்டாது. தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் பெருக்க முடியும். பூத்துக்கொண்டே இருக்கிறது. கடையில் வாங்கும்போது அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அந்தத் தொட்டிப் பக்கம் போனால் சில நாள் லேசாக மனம் கனக்கும்.

*

செம்பருத்தியை நீண்ட நாள் பூக்கும் செடி என்கிறோம். பூ என்னவோ காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடுகிறது. நேற்றுப் பார்த்த பூவை நான் இன்று பார்ப்பதே இல்லை. அதே கிளை, அதே சிவப்பு என்பதால் கண் கவனிக்க மறந்துவிடுகிறது.

*

2024 மார்ச். காவேரித் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. கார் கழுவுவதற்கும் அதே தடை. பதினோரு தொட்டியைப் பார்த்து யாரும் அபராதம் போட வரப்போவதில்லை. ஆனாலும் குடத்தைத் தூக்கக் கை கூசியது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் இவ்வளவுதான். இட்லிப்பூவின் இலை விளிம்பெல்லாம் கருகியது. ரோஜா போயே போய்விட்டது. நான் முகம் கொடுத்தே பார்க்காத காகிதப்பூ மட்டும் அந்தக் கோடையில் கொழுந்துவிட்டு எரிவது போல நின்றது. தண்ணீர் குறைந்து மண் காய்ந்தால்தான் அதற்கு உற்சாகம். அதிகம் ஊற்றினால் இலையாகத் தள்ளும். நாம் பூ என்று பார்க்கும் அந்த ராணி நிறம்கூட இலையின் வகைதான். உண்மையான பூ நடுவில் வெள்ளையாக, அரிசி மாதிரி இருக்கிறது.

அந்த வருஷத்துக்குப் பிறகு எந்தச் செடியைப் பார்த்தாலும் எத்தனை நாள் பூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்று கேட்கிறேன்.

*

வாசலில் வலது பக்கத் தொட்டி அம்மாவுடையது. மல்லி. கோடையில் மூன்று நான்கு மாதம், மற்ற நாளெல்லாம் வெறும் புதர். "அதை எடுத்துட்டு வேற வைக்கலாமாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "உன்னை எடுத்துட்டு வேற வைக்கட்டுமா?" என்றார்.

சைத்ர மாதப் பௌர்ணமி இரவு இந்த ஊர் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது சுமப்பவரின் தலையிலிருந்து தோள்வரை மல்லிகை. தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோட்ட வேலையில் ஊன்றிய திகளர் சமூகத்தின் விழா அது. மல்லி எப்போது பொங்கும் என்று தெரிந்தவர்களின் விழா பிறகு எந்த மாதத்தில் வரும்?

*

ஒரு செடியே வருஷம் முழுக்கப் பூக்க வேண்டியதில்லை, ஊர் பூத்தால் போதும் என்று நினைத்த ஒருவர் இங்கே இருந்தார். ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே 1865இல் பிறந்த குஸ்தாவ் கிரும்பிகல். கியூ தோட்டத்தில் வேலை, பிறகு பரோடா, 1908இல் பெங்களூரு, லால்பாக் தோட்டம். ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று தொடங்கும்படி தெருக்களுக்கு மரம் தேர்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ரோஸ் தபேபுயா உதிர, ஜகரண்டா ஊதா. அது முடிவதற்குள் குல்மொஹர். அவர் 1956இல் இறந்தார். ஹோசூர் ரோடு மெதடிஸ்ட் கல்லறையில் அடக்கம். எங்களுக்குத் தூரமில்லை.

அவருக்கு ஒரு நகரம் இருந்தது, அதனால் வரிசையாகப் பூக்க வைக்க முடிந்தது. பதினோரு தொட்டிக்கும் அது பொருந்துமா என்று பார்த்தேன். ஓரளவு பொருந்துகிறது. மல்லி ஓய்ந்தபின் கனகாம்பரம் மழையில் தெம்பாகிறது, குளிர் தொடங்க டிசம்பர் பூ நீலமாக வருகிறது. இடையில் சில வாரம் எதுவும் இருக்காது. அந்த வாரங்களில் மண்ணைக் கிளறி, சாணி எரு போட்டு, சும்மா நின்றுவிட்டு வருவேன்.

*

மாடியில் மழைநீர்க் குழாயின் விரிசலில் யாரும் நடாமல் ஒரு நித்தியகல்யாணி முளைத்தது. காய் வைக்கிறது, விதை உதிர்கிறது, பூப்பதை மட்டும் நிறுத்தவில்லை. என் காய்க் கணக்கை அது மதிக்கவே இல்லை. ஆடு மாடு கடிக்காது. தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதே ஹோசூர் ரோட்டில் இன்னும் தள்ளிப் போனால் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. அதன் முன்னால் ஓடும் பகுதிக்கு லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட மரிகௌடா பெயர்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம். அவருக்கு அது சுடுகாட்டு மல்லி. கல்லறை மேட்டில் யாரும் பார்க்காமலே பூத்துக் கிடப்பதால் வந்த பெயர். வாசலில் முளைத்ததை இரண்டு முறை பிடுங்கிப் போட்டார். மூட்டுவலி வந்தபின் அவர் மாடி ஏறுவதில்லை.

விரிசலிலிருந்து பெயர்த்து ஒரு பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

காலையில் கீழேயிருந்து குரல் வரும். "மேலே என்னடா பூத்திருக்கு?"

"கனகாம்பரம்மா. செம்பருத்தி ரெண்டு."

பிறகு அரிசி களைந்த தண்ணீரில் மிச்சத்தை டப்பாவில் ஊற்றிவிட்டு இறங்குகிறேன்.