கவனக்குறைவும் இம்சையே

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழில் நிமித்தம் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் ஒன்றுகூடிச் சுற்றுலா செல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒகேனக்கல் சென்ற அத்தகைய பயணம் ஒன்றை நாம் முன்னின்று நடத்தினோம். இடர் நேர்ந்தால் அமைப்பாளர் பொறுப்பல்லர் என்று அச்சிட்ட தாளில் பெற்றோர் அனைவரிடமும் கையொப்பம் பெற்றோம். ஆற்றங்கரையில் உணவுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, இரு சிறுவர் இடுப்பளவு நீரில் நிற்கக் கண்டு ஓடிச் சென்று கரையேற்றினோம். தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும், அன்று எண்ணியிருக்க வேண்டியவை பொட்டலங்களா, பிள்ளைகளா என்ற வினா இன்றும் உள்ளத்தை உறுத்துகிறது.

ஒகேனக்கல்லில் வானம் தெளிந்திருக்கும்போதே, கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறந்துவிட்ட நீர் பிலிகுண்டுலு வழியே வந்து பெருகக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இடரை முன்கூட்டி வினவி அறிதல் அழைத்துச் செல்பவரின் கடமையன்றோ!

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் சென்ற பள்ளிக் குழந்தைகள் 14 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிருவாகமே பொறுப்பு என்று கொண்டு, குழந்தை ஒன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. அதே ஆற்றில் 2014-இல், லார்ஜி அணையிலிருந்து வந்த வெள்ளம் ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை அடித்துச் சென்றது. அவ்வழக்கில் மின்வாரியத்தோடு கல்லூரியும் இழப்பீட்டில் பங்கேற்க நேர்ந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்குப் பழைய தண்டனைச் சட்டம் 2 ஆண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதனை 5 ஆண்டு வரை உயர்த்தியுள்ளது.

"தீய எண்ணம் இல்லாதவிடத்துப் பாவம் ஏது?" என்று சிலர் வினவலாம். ஆசாரியர் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தையே, அதாவது கவனமின்மையையே, முதற்கண் வைக்கிறார். அதற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் மேலும் தெளிவுபடுத்துகிறார். நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் தற்செயலாக ஓர் உயிர் மாண்டாலும் அவருக்கு வினைக்கட்டு இல்லை. கவனமின்றி நடப்பவருக்கோ, உயிர் ஏதும் மாளாவிடினும் இம்சைக் குற்றம் உண்டு.

இங்கேதான் சட்டமும் அறமும் வேறுபடுகின்றன. இழப்பு நேர்ந்த பின்னரே இழப்பீட்டு வழக்கு எழும். அறமோ அதற்கு முன்பே கணக்கெடுத்து விடுகிறது. அந்த இரு சிறுவரும் நலமாக வீடு திரும்பியதனால் நாம் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை. பெற்றோரின் கையொப்பம் நம் கண்களுக்கு விடுமுறை அளிக்கவும் இல்லை.

எனவே, இனி எப்பயணமாயினும் அணை நீர் திறப்பு பற்றி முன்னாளே விசாரித்தறிவோம். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பெரியவர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்போம். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணுவோம். ஐயம் தோன்றினால், ஏமாற்றம் நேரினும், திரும்பிவிடுவோம். நீரை வடிகட்டிப் பருகி, எறும்புக்கும் இரங்கும் நாம், நம்பி ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளிடத்து அந்த விழிப்பைக் காட்டாவிடில், நாம் போற்றும் அகிம்சை வெறும் வழக்கமாகவே எஞ்சும்.